பட்டன் போனில் பின், பக், லாக் கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோக்கியா, சாம்சங் குரு, ஐடெல், லாவா, ஜியோபாரத் என்று பட்டன் போன் வைத்திருப்பவர்களும், அதை அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. மெனுவில் வரும் பெயர்கள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். சிம் பின் சம்பந்தப்பட்ட விதிகள் எந்தப் போனிலும் ஒன்றுதான்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபா போனுக்கு லாக் எல்லாம் எதுக்குங்க? போனா போகட்டுமே.

போன் போனால் போகட்டும், சிம் போகக் கூடாது. வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு எல்லாம் அந்த நம்பரில்தான் இணைந்திருக்கின்றன. மகளிர் உரிமைத் தொகை வந்த செய்தியும் அதே நம்பருக்குத்தான் வருகிறது. திருடியவர் உங்கள் போனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யப் போவதில்லை. சிம்மைக் கழற்றி ஒரு ஸ்மார்ட்போனில் போட்டால் போதும், ஓடிபி எல்லாம் அவர் கைக்கு வந்துவிடும்.

கைப்பையோடு தொலையும்போதுதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அதில் போனும் ஏடிஎம் கார்டும் சேர்ந்தே இருக்கும். ஸ்மார்ட்போனில் புதிதாக யுபிஐ தொடங்க, அந்த நம்பரிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். பிறகு கார்டின் கடைசி ஆறு எண்கள், அது காலாவதியாகும் மாதம், வருடம், ஓடிபி ஆகியவற்றைக் கொடுத்தால் புது யுபிஐ பின் போட்டுக்கொள்ளலாம். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும், எல்லா வங்கிகளும் கேட்பதில்லை. இந்த வழியை முதல் படியிலேயே அடைப்பது சிம் பின். காசு செலவில்லாமல் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

பின், பின்2, பக், செக்யூரிட்டி கோடு… எது எதுக்குன்னு குழப்பமா இருக்கு.

எந்த நம்பர் எங்கே பதிந்திருக்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும். பின், பின்2, பக், பக்2 நான்கும் சிம் கார்டுக்குள் இருப்பவை. சிம்மை எந்தப் போனுக்கு மாற்றினாலும் கூடவே வரும். செக்யூரிட்டி கோடு (சில போன்களில் லாக் கோடு, போன் பாஸ்வேர்டு) போனுக்குள் இருப்பது. எந்த சிம் போட்டாலும் அது மாறாது.

பின் என்பது 4 முதல் 8 இலக்கம் வரை. பக் என்பது பூட்டிக்கொண்ட பின்னைத் திறக்கும் 8 இலக்கம், சிம் நிறுவனம் கொடுப்பது, நம்மால் மாற்ற முடியாது. பின்2 சில சிறப்பு வசதிகளுக்கு மட்டும் தேவைப்படும், அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்டார் பட்டனை அழுத்தி லாக் பண்றேனே, அது போதாதா?

போதாது. அது பாக்கெட்டில் இருக்கும்போது தானாகக் கால் போகாமல் தடுப்பதற்கு மட்டும். நீங்கள் திறக்கிற மாதிரியே யாரும் திறக்கலாம்.

சிம் பின் எப்படிப் போடறது?

மெனு, செட்டிங்ஸ், செக்யூரிட்டி என்று உள்ளே போங்கள். தமிழ் மெனு என்றால் அமைப்புகள், பாதுகாப்பு. அங்கே "பின் கோடு கோரிக்கை" அல்லது "சிம் லாக்" என்ற மாதிரி ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் இப்போதைய பின்னைக் கேட்கும். நீங்கள் போட்டதே இல்லை என்றாலும் நிறுவனம் வைத்த ஒரு பின் சிம்மில் உண்டு, அதைத்தான் கொடுக்க வேண்டும்.

ஆன் ஆன பிறகு "பின் மாற்று" என்பதில் போய் உங்கள் சொந்த நம்பரை வையுங்கள். இந்த வரிசை முக்கியம். பின் கோரிக்கை ஆஃபில் இருக்கும்போது பின்னை மாற்ற சிம் அனுமதிக்காது. "மாத்தவே முடியல" என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மெனு பிடிபடவில்லை என்றால், கோரிக்கையை ஆன் செய்தபின் டயல் செய்யும் இடத்திலேயே `**04*பழைய பின்*புதிய பின்*புதிய பின்#` என்று அழுத்தலாம்.

கடைசியில் போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பின் கேட்டால்தான் வேலை முடிந்தது. பிறந்த வருடம், வண்டி நம்பர், போன் நம்பரின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய மூன்றும் வேண்டாம். பர்ஸ் தொலைந்தால் அதில் இருக்கும் லைசென்ஸும் வண்டியின் ஆர்.சி.யும் முதல் இரண்டையும் சொல்லிவிடும்.

பழைய பின் என்னன்னே தெரியாது. 1234 போட்டுப் பாக்கலாமா?

பல சிம்களில் 1234 அல்லது 0000 இருக்கும். ஒருமுறை போட்டுப் பாருங்கள். தவறு என்றால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மொத்தம் மூன்றே வாய்ப்பு. போனை அணைத்துப் போட்டாலும், சிம்மை வேறு போனுக்கு மாற்றினாலும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது, ஏனென்றால் கணக்கு சிம்முக்குள் இருக்கிறது. சரியான பின்னைப் போட்டால் மட்டும் மீண்டும் மூன்றாகும்.

சிம் வாங்கும்போது அதை உடைத்தெடுத்த பிளாஸ்டிக் அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் கேளுங்கள். கூப்பிடுவது நீங்களாக இருக்க வேண்டும். கஸ்டமர் கேர் என்று சொல்லி உங்களைக் கூப்பிட்டுப் பின் கேட்பவரிடம் எதுவும் சொல்லாதீர்கள்.

மூணு தடவை தப்பாப் போட்டுட்டேன், பக் கோடு கேக்குது. சிம் போச்சா?

போகவில்லை, பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். கையை எடுத்துவிட்டு பக் நம்பரைத் தேடுங்கள். மேலே சொன்ன பிளாஸ்டிக் அட்டையில் 8 இலக்கமாக இருக்கலாம். இல்லையென்றால் வேறு போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் விவரங்களைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டுச் சொல்வார்கள். மகன் பெயரில் வாங்கிய சிம் என்றால் மகன் பேசுவதே சுலபம்.

பக் கிடைத்ததும் திரையில் கேட்கும் இடத்தில் அதைப் போட்டு, புது பின்னை இரண்டு முறை போடுங்கள். கேட்காமல் மெனு நின்றால் `**05*பக்*புதிய பின்*புதிய பின்#` அழுத்துங்கள். இங்கே பத்து வாய்ப்பு உண்டு என்றாலும் ஊகித்துப் போடுவதில் பயனே இல்லை. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சேர்க்கைகள்.

பத்துத் தடவையும் தப்பாயிடுச்சு.

அந்த சிம் கார்டு நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டது. நம்பர் உங்களுடையதுதான். அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கடைக்குப் போனால் அதே நம்பரில் புது சிம் தருவார்கள். புது சிம் இயங்கத் தொடங்கி 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. அதனால் ஓடிபியும் வராது. சிம்மைத் திருட்டுத்தனமாக மாற்றிப் பணம் எடுப்பதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு நம்பரை மாற்றவும் முடியாது. பழைய சிம்மில் மட்டும் சேமித்த பெயர்கள் திரும்ப வராது.

ரெண்டு சிம் போட்டிருக்கேன். ஒரு பின் போதுமா?

ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனிப் பின். ஆன் செய்யும்போது இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். எந்த சிம்முக்குக் கேட்கிறது என்று திரையில் வரும், அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். முதல் சிம்மின் பின்னை இரண்டாவதில் போட்டே பக் வரை போனவர்கள் நிறைய. மாற்றும்போதும் மெனு வழியாகவே, சிம்மைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

புது போன்ல செக்யூரிட்டி கோடு என்ன இருக்கும்?

பழைய நோக்கியா மாடல்களில் 12345. சாம்சங் பட்டன் போன்களில் எட்டு சைபர். மீடியாடெக் சிப் போட்ட பல போன்களில் 1122, மற்றவற்றில் 1234 அல்லது 0000. போனோடு வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கும். இந்த நம்பர்கள் ஊருக்கே தெரியும் என்பதால் மாற்றாமல் லாக்கை மட்டும் ஆன் செய்வதில் அர்த்தமில்லை. செக்யூரிட்டி மெனுவில் முதலில் கோடை மாற்றுங்கள், பிறகு லாக்கை ஆன் செய்யுங்கள்.

சில மாடல்களில் "போன் லாக்" என்பது ஆன் செய்யும்போது மட்டும்தான் கோடு கேட்கும், ஒவ்வொரு முறை கீபேடைத் திறக்கும்போதும் கேட்காது. அதற்கு "செக்யூரிட்டி கீகார்டு" என்றோ, கீபேட் லாக் அமைப்புக்குள்ளோ தனியாக ஒன்று இருக்கும். போட்டு முடித்ததும் கீபேடை லாக் செய்து திறந்து பாருங்கள், கோடு கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

சிம் பின், போன் லாக் ரெண்டும் வேணுமா? ஒண்ணு போதாதா?

சிம் பின் மட்டும் இருந்தால், ஆனில் இருக்கும் போன் கையில் கிடைத்தவர் பேசலாம், வரும் ஓடிபியையும் படிக்கலாம். பின் கேட்பது அணைத்துப் போட்டாலோ சிம்மைக் கழற்றினாலோதான். போன் லாக் மட்டும் இருந்தால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிடலாம். இரண்டும் இருந்தால்தான் இரண்டு வழியும் அடைபடும்.

ஒன்றுதான் போட முடியும் என்றால் சிம் பின்னைப் போடுங்கள். காரணம் முதல் பதிலில் இருக்கிறது. மெமரி கார்டை இந்த இரண்டும் காப்பாற்றாது. அதிலுள்ள போட்டோவையும் பாட்டையும் கழற்றி எங்கும் பார்க்கலாம்.

லாக் பண்ணிட்டா அவசரத்துக்குப் பேச முடியாதே?

வருகிற காலை எடுக்கக் கோடு தேவையில்லை. 112ஐ லாக்கிலிருந்தே அழைக்கலாம். 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9 பட்டன் அவசர அழைப்புக்கு வேலை செய்ய வேண்டும் என்பது விதி. நீளமாக அழுத்திப் பிடித்தால் போகும். குழந்தைகள் விளையாடி அப்படிக் கால் போனால், துண்டிக்காமல் "தவறுதலாக வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. நம்பர் ஞாபகம் இருக்காது. என்ன பண்ணலாம்?

போன் லாக் வேண்டாம். ஒவ்வொரு முறையும் நான்கு எண்ணை அழுத்துவது அவருக்குத் தொல்லை, கடைசியில் போனையே தொடமாட்டார். சிம் பின் மட்டும் போடுங்கள். அன்றாடம் அது கண்ணில்கூடப் படாது.

ஒரு சிக்கல் உண்டு. சார்ஜ் முழுக்கத் தீர்ந்து போன் அணைந்துவிட்டால், திரும்ப ஆன் செய்யும்போது பின் போடும்வரை நெட்வொர்க் எடுக்காது. அவருக்கு யாரும் கூப்பிட முடியாது, நீங்கள் இங்கே பதறிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ராத்திரி தினமும் சார்ஜில் போடும் பழக்கம் வேண்டும். வீட்டில் அவரோடு இருக்கும் இன்னொருவருக்கும் பின் தெரிந்திருக்க வேண்டும். மனதில் ஏற்கெனவே ஊறிப்போன ஒரு எண்ணை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: பழைய வீட்டுக் கதவு எண், வேலைபார்த்த காலத்து டோக்கன் நம்பர் மாதிரி. எழுதி வைப்பதானால் வீட்டில் பீரோவுக்குள். போன் உறைக்குள் சீட்டாக மடித்து வைக்கவே கூடாது.

செக்யூரிட்டி கோடை மறந்துட்டேன். கடையில திறந்து குடுப்பாங்களா?

இதற்குப் பக் மாதிரி மாற்றுக் கோடு கிடையாது, சிம் நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வீஸ் சென்டரில் மென்பொருளைப் புதிதாக ஏற்றித் தருவார்கள். போனில் சேமித்த பெயர்களும் செய்திகளும் அழியும். பில்லை எடுத்துப் போங்கள். தவறாகப் பலமுறை போட்டால் சில போன்கள் கொஞ்ச நேரம் எதையும் ஏற்காது. அது பழுதல்ல, சில நிமிடம் விட்டுவிட்டுப் போடுங்கள்.

தெருக்கடையில் பிளாஷ் செய்ய, அதாவது மென்பொருளை ஏற்றக் கொடுப்பதானால், முன்னதாக போன் பெட்டியிலோ பேட்டரிக்கு அடியில் ஒட்டிய சீட்டிலோ உள்ள ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், 15 இலக்கம், இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். வேலை முடிந்ததும் `*#06#` அழுத்தி அதே எண் வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். தவறாகப் பிளாஷ் செய்தால் அந்த எண் அழிந்து நெட்வொர்க் எடுக்காமல் போகும். அதைச் சரிசெய்கிறேன் என்று வேறு எண்ணை எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐஎம்இஐயைத் திருத்துவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். 3 வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

நெட்ல மாஸ்டர் கோடுன்னு ஏதோ தர்றாங்களே?

மிகப் பழைய சில மாடல்களுக்கு ஐஎம்இஐயிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கோடுகள் இருந்தன. இன்று கடையில் வாங்கும் போனுக்கு அவை ஓடாது. முன்பணம் கேட்கிற, ஐஎம்இஐ கேட்கிற பக்கங்களை மூடிவிடுங்கள்.

பின்2 எதுக்கு? இதுவரை பயன்படுத்தினதே இல்ல.

பலருக்குத் தேவைப்படாதுதான். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளை, கடைப் பையன், வாட்ச்மேன் கையில் கொடுக்கும் போன், யாரையாவது கூப்பிட்டு ஏமாந்துவிடுகிற பெரியவர்கள் போன் இவற்றுக்கு இதைவிட நல்ல வசதி வேறில்லை. செக்யூரிட்டி மெனுவில் "ஃபிக்ஸட் டயலிங்" என்று இருக்கும். பின்2 போட்டு அதை ஆன் செய்து, அனுமதிக்கும் நம்பர்களை மட்டும் பட்டியலில் சேருங்கள். பிறகு அந்த நம்பர்களுக்கு மட்டும்தான் கால் போகும். வருகிற கால்களுக்கு எந்தத் தடையும் இல்லை. 112 எப்போதும் போகும். பட்டியல் சிம்மிலேயே பதிவதால் சிம்மை வேறு போனுக்கு மாற்றியும் தப்ப முடியாது.

இதில் வழக்கமாகத் தவறுகிற இடங்கள் மூன்று. நம்பரை +91 போட்டுச் சேர்த்துவிட்டு, டயல் செய்யும்போது வெறும் பத்து இலக்கம் அழுத்தினால் போன் மறுத்துவிடலாம். எந்த மாதிரி டயல் செய்வார்களோ அந்த மாதிரியே சேருங்கள். எஸ்எம்எஸ் போகவில்லை என்றால், அனுப்ப வேண்டிய நம்பரோடு மெசேஜ் சென்டர் நம்பரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும், அது மெசேஜ் செட்டிங்ஸில் இருக்கும். மூன்றாவது, இணையம் இல்லாமல் பணம் அனுப்ப உதவும் `*99#` மாதிரி கோடுகளும் தடைபடும் என்பதால் அந்த சிம்மில் வங்கி வேலை பார்ப்பவருக்கு இது சரிப்படாது.

பின்2 தெரியவில்லை என்றால் கஸ்டமர் கேர்தான். இதற்கும் மூன்று வாய்ப்புதான், பிறகு பக்2. அதுவும் தீர்ந்தால் சிம் சாகாது, பின்2 தேவைப்படும் வசதிகள் மட்டும் மூடிக்கொள்ளும்.

வெளிநாட்டுக் கால் மட்டும் போகாமப் பண்ண முடியுமா?

அதற்குக் கால் பாரிங் இருக்கிறது. `*331*கோடு#` வெளிநாட்டுக் கால்களைத் தடுக்கும், `*33*கோடு#` வெளியே போகும் எல்லாக் கால்களையும் தடுக்கும். எடுக்க முதல் நட்சத்திரத்துக்குப் பதில் `#` போடுங்கள். இந்தக் கோடு சிம்மிலும் இல்லை, போனிலும் இல்லை. நெட்வொர்க்கில் இருக்கிறது. பெரும்பாலும் 0000 அல்லது 1234. மூன்று முறை தவறினால் இதுவும் பூட்டிக்கொள்ளும், கஸ்டமர் கேர்தான் திறக்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் எல்லாத் திட்டங்களிலும் இதைத் தருவதில்லை, "முடியவில்லை" என்று வந்தால் போனைக் குறை சொல்ல வேண்டாம்.

"பார்சல் வந்திருக்கு, `*401*` போட்டு இந்த நம்பரை அழுத்துங்க"ன்னு கால் வந்துச்சு.

அழுத்தாதீர்கள். அது உங்களுக்கு வரும் கால்களையெல்லாம் அவர்கள் நம்பருக்குத் திருப்பிவிடும் கோடு. குரல் வழியே வரும் ஓடிபி நேராக அங்கே போகும். இந்த மோசடி பெருகியதால், 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் கோடு அழுத்திக் கால் திருப்பும் வசதியை நிறுத்தும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. கோடு மாறினாலும் ஏமாற்றும் விதம் ஒன்றுதான், நட்சத்திரத்தில் தொடங்கும் எதையும் அந்நியர் சொல்லி அழுத்த வேண்டாம்.

ஏற்கெனவே அழுத்திவிட்டோமோ என்று சந்தேகமிருந்தால் `*#21#` போட்டுப் பாருங்கள். எல்லாத் திருப்பலையும் எடுக்க `##002#`. அதிலும் போகவில்லை என்றால் கஸ்டமர் கேரிடம் நீக்கச் சொல்லுங்கள். சிம் பின், போன் லாக் இரண்டும் இருந்தாலும் இந்த மோசடியைத் தடுக்காது, ஏனென்றால் கோடை அழுத்துவது நீங்களே.

பட்டன் போன்ல பணம் அனுப்பறேன். யுபிஐ பின்னும் சிம் பின்னும் ஒண்ணா வெச்சா ஞாபகம் வெக்க சுலபமாச்சே?

வேண்டாம். சிம் பின்னை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்கும்படி மேலே சொன்னோம். யுபிஐ பின் அப்படிப்பட்டதல்ல, அது கையெழுத்து மாதிரி. `*99#` வழியாக அனுப்பும்போது பின்னைத் தட்டுகையில் எண்கள் திரையில் அப்படியே தெரியும் என்று வைத்துக்கொண்டு, திரையை மறைத்தே தட்டுங்கள். கடைக்காரரிடம் போனைக் கொடுத்து "நீங்களே போட்டுடுங்க" என்பது அடிக்கடி நடக்கிறது. சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

போன் தொலைஞ்சு போச்சு. முதல்ல என்ன செய்யணும்?

வேறு போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை நிறுத்துங்கள். பின் போட்டிருந்தாலும் நிறுத்துங்கள். ஏடிஎம் கார்டும் கூடவே போயிருந்தால் அடுத்த கால் வங்கிக்கு. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அதே நம்பரில் புது சிம் எடுங்கள். அடுத்து மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில், அதாவது சஞ்சார் சாத்தி வழியாக, ஐஎம்இஐயை முடக்கக் கோரலாம். புகார் நகல், அடையாள அட்டை, ஐஎம்இஐ வேண்டும். பில் இருந்தால் நல்லது. ஓடிபி வரும் என்பதால் புது சிம்முக்கு மேலே சொன்ன 24 மணி நேரம் காத்திருங்கள். காவல் நிலையம் மூலமாகவும் பதியலாம்.

ஐஎம்இஐ பிளாக் பண்ணினா சிம்மும் பிளாக் ஆயிடுமா?

ஆகாது. அது போனை மட்டும் முடக்கும். உள்ளே எந்த சிம் போட்டாலும் நெட்வொர்க் எடுக்காது. உங்கள் சிம்மை வேறு போனில் போட்டால் வேலை செய்யும், அதனால்தான் சிம்மைத் தனியே நிறுத்தச் சொன்னோம். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் கோரிக்கை எண்ணைக் கொடுத்து முடக்கத்தை நீக்கிக்கொள்ளுங்கள். நீக்காமல் சிம்மைப் போட்டால் வேலை செய்யாது.

செகண்ட் ஹேண்ட் பட்டன் போன் வாங்கப் போறேன். என்ன பாக்கணும்?

`*#06#` அழுத்தி வரும் எண்ணும் பேட்டரிக்கு அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்தில் கே, ஒய், எம் என்று அடித்து, இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். செக்யூரிட்டி கோடு என்ன என்று விற்பவரிடமே கேட்டு, அவர் எதிரிலேயே "ஃபேக்டரி செட்டிங்ஸ்" கொடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் கோடு கேட்கும். அவருக்குத் தெரியவில்லை என்றால் போன் அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் பழைய போனை விற்கும்போதும் இதையே செய்யுங்கள்: சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிட்டு ஃபேக்டரி செட்டிங்ஸ் கொடுத்து, உங்கள் லாக் கோடு இன்னும் கேட்கிறதா என்று பார்த்து, கேட்டால் அதை ஆஃப் செய்துவிட்டுக் கொடுங்கள்.